லைட் பாக்ஸுக்குள் ஒரு முகம்

ஆயுத பூஜைக்குச் சில வாரங்கள் முன்னால், ஒரு மதிய நேரம். கையில் ஒரு நேவி ப்ளூ துணியுடன் எங்கள் கம்பெனி லேபுக்குள் அவசரமாக நுழைகிறேன். பார்த்தால்... லைட் பாக்ஸுக்குள் ஒரு தலை!

பயந்துவிடாதீர்கள். உடம்போடு சேர்ந்த தலைதான். உடம்பு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தது.

லைட் பாக்ஸ் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக — அது முன்பக்கம் திறந்த ஒரு பெரிய பெட்டி. உள்ளே சாம்பல் நிறப் பெயின்ட், மேலே விதவிதமான பல்புகள். ஒரு ஸ்விட்சைத் தட்டினால் பகல் வெளிச்சம். இன்னொன்றைத் தட்டினால் பெரிய கடைகளின் ட்யூப் லைட். மூன்றாவது, வீட்டில் எரிகிற மஞ்சள் பல்பு. சாயம் போட்டு வந்த துணியை உள்ளே வைத்து, ஒவ்வொரு லைட்டாகப் போட்டுப் பார்ப்போம். ஒரு வெளிச்சத்தில் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும் இரண்டு துணிகள், இன்னொரு வெளிச்சத்தில் யாரோ எவரோ ஆகிவிடும். அதனால்தான் இந்த ஏற்பாடு. துணிக்கு.

"மேடம், கதவைச் சாத்துங்க. வெளி லைட்டு உள்ள வருதுங்க" என்றது தலை.

குரலை வைத்துத்தான் ஆள் யாரென்று தெரிந்தது. எங்கள் குவாலிட்டி மேனேஜர் தங்கவேல் அண்ணன்! அவர் தலையசைக்காமல் எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பனியன்கூட அட்டைப்பெட்டிக்குள் போகாது. கடுகளவு எண்ணெய்க் கறைக்கு ஒரு லாட்டையே திருப்பி அனுப்புகிறவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அந்த மனிதர் லைட் பாக்ஸுக்குள்ளிருந்து முகத்தைத் திருப்பி என்னைக் கேட்டார்.

"ஏனுங்க, இடது பக்கம் தேவலைங்களா, வலது பக்கம் தேவலைங்களா?"

பார்த்தேன். இடது கன்னம் வழக்கம்போல வறண்டு கிடந்தது. வலது கன்னமோ பஜ்ஜி சட்டிக்குப் பக்கத்தில் நின்று வந்தது போலப் பளபளத்தது.

"என்னண்ணே இது?" என்றேன், சிரிப்பை அடக்க முடியாமல்.

"ஊட்ல இருந்த கோல்டு க்ரீமுங்க. ஒரு பக்கத்துக்கு மட்டும் போட்டுப் பாக்கறேன். ரெண்டு பக்கமும் போட்டா எப்படிங்க கம்பேர் பண்றது?"

நியாயமான கேள்விதானே? ஆனால் எதற்கு இந்த ஆராய்ச்சி? கேட்டேன். அண்ணன் தலையை வெளியே எடுத்தார். பிறகு சொன்னார்.

சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அண்ணனும் அவர் மனைவி தனமும் மேடையேறி, மணமக்களுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார்கள். போட்டோகிராபர் கேமராவை நிமிர்த்திக்கொண்டு, "அக்கா, கொஞ்சம் உங்க அப்பா பக்கம் நகந்து நில்லுங்க" என்றிருக்கிறான்.

மேடையே சிரித்ததாம். அண்ணனும் சிரித்தாராம். தனம் மட்டும் சிரிக்கவில்லை.

அண்ணனுக்கும் மதினிக்கும் பத்து வயது வித்தியாசம். ஆனால் முகத்தில் இன்னும் அதிகமாகத் தெரியும். அண்ணன் இளவயதில் சாயப்பட்டறையில் கொதிக்கும் தொட்டிகளுக்கு நடுவே நின்றவர். அதன்பின் ஸ்டீம் அயர்ன் டேபிள். இத்தனை வருட ஆவியும் வெயிலும் அவர் முகத்தைச் சீக்கிரமே முதியவராக்கிவிட்டன. மதினிக்கோ இன்னும் காலேஜ் முடித்த பெண்ணின் முகம். யாரைக் குறை சொல்வது?

"அவன் சொன்னதுக்கு நான் ஒண்ணும் நெனைக்கலீங்க" என்றார் அண்ணன். "ஆனா தனம் அன்னைலருந்து பூ வெக்கறதில்லீங்க. பளிச்சுனு ஒரு சேலை கட்டறதில்லை. பீரோவுல மாம்பழ மஞ்சள்ல ஒரு பட்டு இருக்குது. நானே ஷேடு பாத்து எடுத்துக் குடுத்தது. அவ தம்பி கண்ணாலத்துக்குக் கட்டுனு சொன்னா, 'எனக்கு வயசாயிருச்சுங்க மாமா, அந்தக் கலரெல்லாம் ஆகாது'ங்கறா. அவ வயசைக் கூட்டிக்கிட்டு வந்து எனக்குச் சரியா நிக்கப் பாக்கறாளுங்க. நான் என்னோட வயசைக் கொஞ்சம் கொறைக்கலாமில்லீங்க?"

எனக்குச் சிரிப்பு போய்விட்டது. நேவி ப்ளூவும் மறந்துவிட்டது.

சரி, ஒன்று யோசித்துப் பாருங்கள். இந்த ஊரே ஊர் பேர் தெரியாதவர்களின் தோலுக்காக உழைக்கிற ஊர். எங்கோ ஒரு நாட்டில் ஒரு குழந்தைக்குக் கழுத்தில் லேபிள் உறுத்தக் கூடாது என்று மீட்டிங் போடுகிறோம். துணி பட்டுப்போல் இருக்க வேண்டும் என்று மெஷினில் விட்டு மென்மையாக்குகிறோம். துவைத்துப் பார்க்கிறோம், உரசிப் பார்க்கிறோம், வியர்வை பட்டால் என்னாகும் என்று பார்க்கிறோம். ஆனால் அந்தத் துணியைச் செய்கிற நம் ஆண்களின் முகத்துக்கு? குளிக்கிற சோப்பு. துவட்டுகிற முரட்டுத் துண்டு. முடிந்தது கதை. என் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார்... அவர் முகத்தையும் ஸ்கூட்டரையும் ஒரே மாதிரிதான் கழுவுவார்.

"கோல்டு க்ரீம் குளிர் ஊருக்குண்ணே. நம்ம ஊரு வெக்கைக்கு எண்ணெயா வழியும். வாங்க, கடைக்குப் போவோம்" என்றேன்.

அன்று மாலையே போனோம். பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பெரிய ஃபேன்ஸி ஸ்டோர். வளையல், க்ளிப், பொட்டு எல்லாம் தாண்டி உள்ளே போனால், ஆண்களுக்கென்று ஒரே ஒரு தட்டு. முக்கால்வாசி ஷேவிங் சாமான்கள். ஓரத்தில், இப்போதுதான் வர ஆரம்பித்திருக்கும் ஆண்கள் க்ரீம்கள். அதற்கு முன்னால் நின்றிருந்த ஒரு இளைஞர் எங்களைப் பார்த்ததும் சட்டென்று சீப்பு பார்ப்பது போல நகர்ந்துவிட்டார்.

கவுன்ட்டர் பெண் என்னைத்தான் கேட்டாள். "யாருக்குக்கா?"

நான் வாய் திறப்பதற்குள் அண்ணன் சொன்னார், லைனில் சூப்பர்வைசரைக் கூப்பிடும் அதே குரலில்: "எனக்குத்தானுங்க அம்மிணி. மூஞ்சியில வயசு தெரியுது. கொஞ்சம் கொறச்சுக் காட்டோணும்."

வளையல் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மா, கையை அப்படியே வைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தார். சீப்புக்காரர் சீப்பைக் கீழே வைத்தார். எத்தனை ஆண்கள் இதைச் சத்தமாகச் சொல்லியிருக்கிறார்கள்? மனைவிக்கு, தங்கைக்கு, ஊரிலிருந்து யாரோ கேட்டார்கள் — இப்படித்தானே வாங்குவார்கள்? எனக்கு அந்த நிமிடமே அண்ணன் மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

அந்தப் பெண் முதலில் எடுத்துக் கொடுத்தது சிவப்பழகு க்ரீம். "இதைப் போட்டா நல்லா வெள்ளையாயிருவீங்க சார்."

"கலர்ல கம்ப்ளைன்ட் இல்லீங்க. ஷேடு அப்படியே இருக்கட்டும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்தது தங்க மூடி போட்ட ஒரு டப்பா. "இது பத்து வயசு கொறைக்கும் சார்."

"எந்த டெஸ்ட்டுலீங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் பொட்டு அட்டைகளைப் பார்த்தேன்.

அடுத்து அண்ணன் செய்ததை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணித் துண்டை எடுத்தார். தங்க மூடி க்ரீமைப் புறங்கையில் கொஞ்சம் தடவினார். ஊதினார். காத்திருந்தார். பிறகு அந்த வெள்ளைத் துணியால் கையைத் தேய்த்தார். சாயம் ஒட்டுகிறதா என்று துணியை உரசிப் பார்ப்போமே, அதே உரசல்! வெள்ளைத் துணியில் எண்ணெய்த் திட்டு.

"காலர்ல ஒட்டுமுங்க. ரிஜெக்ட்" என்றார்.

சென்ட் வாசனை தூக்கலாக இருந்தது ஒன்று போனது. தோலில் மெழுகு போல அப்பிக்கொண்டு நின்றது ஒன்று போனது. தேதி தாண்டப் போகிற ஒன்றைப் பார்த்து, கடைப் பெண்ணுக்கு லேசாகத் திட்டு விழுந்தது. கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, 'இளமை' என்று பெரிதாக எழுதிய ஆண்கள் ட்யூப். மற்றது, எதையும் சத்தியம் செய்யாத சாதாரண மாய்ஸ்ச்சரைசர். ஈரம் காக்கும், வெயிலைத் தடுக்கும் என்று மட்டும் எழுதியிருந்தது. இரண்டையும் வாங்கினார். இடது கன்னத்துக்கு ட்யூப், வலது கன்னத்துக்குச் சாதாரணம். டெஸ்ட் ஆரம்பம்.

நாங்கள் வெளியே வரும்போது சீப்புக்காரர் அந்தத் தட்டுக்கே திரும்பி வந்திருந்தார். சட்டைப் பையில் வெள்ளைத் துணி இல்லாததால் கைக்குட்டையை எடுத்துக்கொண்டிருந்தார்.

கம்பெனியில் விஷயம் பரவாமல் இருக்குமா? லேபுக்குள் அண்ணன் போய்க் கதவைச் சாத்தினாலே வெளியே கண்ணடிப்பார்கள். அவர் அசரவில்லை. கம்பெனி வேனில் டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் உட்கார்ந்தால் ஒரு கன்னத்தில் மட்டும் வெயில் படும், டெஸ்ட் கெட்டுவிடும் என்று பின்னால் போய் நடுவில் உட்கார ஆரம்பித்தார். துணி வெட்டும் கட்டிங் பெண்களுக்கு இடையில், மடியில் டிபன் கேரியரோடு, குவாலிட்டி மேனேஜர்! சிரித்தவர்கள் சிரித்தார்கள். அயர்ன் டேபிள் மாஸ்டர் மட்டும் ஒரு நாள் தனியாக வந்து, "அது என்ன க்ரீமுங்க சார்?" என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

"மதினி என்ன சொல்றாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

அண்ணனுக்குப் பெருமை தாங்கவில்லை. "அவளுக்கு ஒண்ணுமே தெரியாதுங்க! சாம்பிள் ரெடியாகாம பையருக்குக் காட்டுவமுங்களா?"

எங்கள் தொழிலில் அது வேதவாக்கு. முடியாத சாம்பிளை, துணிக்கு ஆர்டர் தருகிற பையர் கண்ணில் காட்டக் கூடாது. பாதியில் பார்த்தால் மனதில் தப்பாகப் பதிந்துவிடும். எனக்கும் அப்போது அது சரியென்றே பட்டது. இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிற புத்தி வேறு எப்படி வேலை செய்யும்?

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குக் கம்பெனியே வேறு மாதிரி இருக்கும், தெரியுமல்லவா? தையல் மெஷினுக்கெல்லாம் சந்தனம், குங்குமம். வாசலில் வாழைக்கன்று. பொரி, சுண்டல். வேலை செய்பவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். தனம் மதினியும் வந்திருந்தார். சாம்பல் நிறத்தில் ஒரு நூல் சேலை. தலையில் பூ இல்லை. வந்திருந்த அத்தனை பெண்களிலும் பூ இல்லாத தலை அது ஒன்றுதான்.

பொரிப் பொட்டலத்தோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சுற்றி வளைக்கவில்லை.

"அக்கா, எங்கூட்டுக்காரரு ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் நல்லாத்தானே பேசறாருங்க?"

"ஆமா மதினி, ஏன் கேக்கறீங்க?"

"ஊட்ல என்கிட்ட மூஞ்சி குடுத்தே பேசறதில்லீங்கக்கா. சோறு போட்டா அந்தப் பக்கமா திரும்பி உக்காந்துக்கறாரு. டிவி பாத்தா சைடாவே பாக்கறாரு. நான் கிட்ட வந்தா எந்திரிச்சுப் போயர்றாரு." கையிலிருந்த பொரியை ஒவ்வொன்றாக நசுக்கிக்கொண்டிருந்தார். "அந்த போட்டோக்காரன் சொன்னது மனசுல தங்கிருச்சாட்ட இருக்குதுங்க. நான் பக்கத்துல நின்னாத்தானே அவரைப் பாத்து எல்லாரும் சிரிக்கறாங்க? தம்பி கண்ணாலத்துக்கு நான் முன்னாடியே தனியாப் போயரலாம்னு இருக்கறனுங்க. போட்டோவுக்கும் நிக்கறதா இல்லை."

அடக் கடவுளே! இந்த மனிதர் அங்கே கன்னத்தை மறைத்துக்கொண்டிருக்கிறார். இந்த அம்மா அதை வெறுப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வயதைக் குறைக்கப் பாடுபடப் பாடுபட, இவர் இங்கே ஒவ்வொரு வண்ணமாகக் கழற்றி வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

"எந்திரிங்க மதினி" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன்.

லைட் பாக்ஸுக்கும் சந்தனக் குங்குமம் வைத்து, ஒரு முழம் கதம்பம் சாற்றியிருந்தார்கள். அண்ணன் அதன் பக்கத்தில் நின்று கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மதினியைப் பார்த்ததும், பழக்க தோஷம், சட்டென்று ஒரு பக்கமாகத் திரும்பினார். மதினியின் முகம் சுண்டிப்போனது.

"அண்ணே, பையர் வந்துட்டாங்க. சாம்பிளைக் காட்டுங்க" என்றேன்.

"இன்னும் ரெடியாகலீங்க மேடம்..."

"ரெடியாகறதுக்குள்ள ஆர்டரே கேன்சலாயிரும்ணே."

அண்ணன் என்னைப் பார்த்தார். மதினியைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது என்று நினைக்கிறேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கதம்பத்தை ஒதுக்கிவிட்டு, தலையை உள்ளே நீட்டினார். பெட்டிக்குள்ளிருந்தே எல்லாவற்றையும் சொன்னார். போட்டோகிராபர், கோல்டு க்ரீம், கடை, வெள்ளைத் துணி, இடது, வலது.

"நீ பூ வெக்காம இருக்கறதைப் பாக்க முடியல தனம். அதான்."

மதினி அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. கிட்டே போனார். "எது ஸ்விட்சுங்க மாமா?" என்றார்.

பகல் வெளிச்சத்தைப் போட்டார். கன்னத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினார். கடை வெளிச்சம் போட்டார். அதுவும் திருப்தியில்லை. மஞ்சள் பல்பைப் போட்டதும் கை நின்றது.

"நம்மூட்டு லைட்டு இதுதானுங்க" என்றார். "சிரிங்க."

"என்னது?"

"சிரிங்க மாமா."

அண்ணன் சிரித்தார். நான் அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மதினி இடது கன்னத்தைத் தொட்டார். "இந்தப் பக்கம் இஸ்திரி போட்டாப்டி வெறச்சுக்கிட்டு நிக்குது. இது ஆகாதுங்க." வலது கன்னத்துக்கு வந்தார். "இந்தப் பக்கம் வறவறன்னு இல்லாம நல்லாருக்குது. நீங்க சிரிச்சாக் கோடும் உழுகுது. அந்தக் கோட்டைப் பாத்துத்தானுங்க நான் உங்களைக் கட்டிக்கறேன்னு சொன்னேன். அது எனக்கு வேணும். இதையே ரெண்டு பக்கமும் போடுங்க."

"அப்ரூவ்டா?" என்றார் அண்ணன்.

"அப்ரூவ்டு" என்றார் மதினி. தினமும் வீட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய வார்த்தை போல.

நான் நழுவப் பார்த்தேன். அதற்குள் அண்ணன் பிடித்துக்கொண்டார், மதினியைத்தான். "அப்ப அந்த மாம்பழ மஞ்சள்?"

"எனக்கு வயசாயிருச்சுங்க மாமா."

"எந்த லைட்டுல?"

மதினி லைட் பாக்ஸுக்குச் சாற்றியிருந்த கதம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் அதில் ஒரு சாண் கிள்ளிக் கொடுத்தார். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மதினியின் தம்பி கல்யாணம். எனக்கும் பத்திரிகை வந்திருந்தது, போனேன். மண்டபத்து வாசலிலேயே அந்த மஞ்சள் கண்ணில் பட்டுவிட்டது. எவ்வளவு சரியான மஞ்சள்! பழுத்த இமாம்பசந்தின் உள்சதை. ஷேடு பார்க்கத் தெரிந்தவன் பார்த்து எடுத்த சேலை என்று எந்த வெளிச்சத்திலும் சொல்லலாம். தலை நிறைய மல்லிகை.

அண்ணன் முகம்? வாசகர்கள் கேட்பீர்கள் என்று தெரியும். உண்மையைச் சொல்கிறேன். தோல் வறட்சி போயிருந்தது. வறட்சியால் நெற்றியில் வெளுத்திருந்த திட்டும் இல்லை. முகத்தில் ஒரு தெளிவு. ஆனால் பத்து வயதெல்லாம் குறையவில்லை. ஒரு வயதுகூடக் குறையவில்லை. எந்த க்ரீமும் அதைச் செய்யாது, தங்க மூடி போட்டாலும். நல்ல மாய்ஸ்ச்சரைசர் செய்வது ஒன்றுதான் — இருக்கிற முகத்தை நன்றாக வைத்துக்கொள்ளும். அதுவும் சின்ன விஷயமா என்ன?

இருவரும் மேடையேறினார்கள். நான் கீழே, முன் வரிசையில். போட்டோகிராபர் புதுப் பையன். கேமராவுக்குள் பார்த்துக்கொண்டே கையை ஆட்டினான்.

"அக்கா, நீங்க வாங்க. அப்பா, நீங்க கொஞ்சம் அப்படித் தள்ளி நில்லுங்க..."

மண்டபத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கிய சத்தம். அண்ணன் தள்ளி நிற்க ஒரு காலை எடுத்தும் வைத்துவிட்டார்.

மதினி அவர் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் நிறுத்தினார். கோர்த்த கையை விடாமல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்:

"அப்பா இல்லீங்க தம்பி, எங்கூட்டுக்காரரு. உங்க லைட்டை மாத்திப் போட்டுப் பாருங்க!"

பையன் பதறிப்போய் லைட்டை மாற்றினான். அண்ணன் சிரித்தார். கோடு விழுந்தது... இரண்டு பக்கமும்!